நாய்க்கு முதல் முறை இரத்தம் ஏற்றும்போது வகை பார்க்க வேண்டுமா?

கேள்வி (வெள்ளவத்தை):
ஜேர்மன் ஷெப்பர்ட், ஆண், 28 கிலோ. பேபேசியா (உண்ணி பரப்பும், செங்குழியங்களை அழிக்கும் ஒட்டுண்ணி நோய்) உறுதி, பிசிவி (இரத்தத்தில் செங்குழியங்களின் வீதம்) 13. இதுவரை இரத்தம் ஏற்றியதில்லை. பக்கத்து வீட்டு லாப்ரடோரிடம் எடுக்கலாம் என்கிறார் டொக்டர்: 32 கிலோ, 4 வயது, பிசிவி 45. வகை பார்க்காமல் ஏற்றினால் ஆபத்தா? ஒரு பை காணுமா?

பதில் 1:
நாய்களில் முக்கியமான இரத்த வகை டிஈஏ 1. அதற்கு எதிரான பிறபொருளெதிரி (அந்நிய செங்குழியத்தைத் தாக்கும் புரதம்) இயற்கையாக இருப்பதில்லை, அதனால் முதல் தடவை உடனடித் தாக்கம் அரிது. ஆனால் டிஈஏ 1 நெகட்டிவ் நாய்க்குப் பொசிட்டிவ் இரத்தம் ஏறினால் பிறபொருளெதிரி உருவாகும்; ஏற்றிய செங்குழியங்கள் ஓரிரு வாரத்தில் அழியும், அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாகலாம். வகை பார்க்கும் கார்ட் டெஸ்ட் சில நிமிட வேலைதான். இரண்டு நாய்க்கும் செய்யச் சொல்லுங்கள்.

பேபேசியாவில் செங்குழியங்கள் தாமாகவே ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படியானால் கார்ட்டில் வரும் பொசிட்டிவை நம்ப முடியாது. முதலில் ஸ்லைட்டில் ஒரு துளி இரத்தத்தோடு சில துளி சேலைன் கலந்து பாருங்கள். அப்போதும் மணல்மணலாக நின்றால் டிஈஏ 1 நெகட்டிவ் இரத்தமே பாதுகாப்பு.

பதில் 2:
கொழும்பில் வகையைவிடப் பெரிய பயம், கொடுக்கும் நாயின் உண்ணி நோய். பேபேசியா கிப்சோனி என்ற வகை குறியே காட்டாமல் நெடுநாள் இருக்கும், ஸ்மியரிலும் (இரத்தத்தை ஸ்லைட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) தப்பும். பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) நேரமில்லையென்றால் ஸ்மியரும் எர்லிக்கியா (இன்னோர் உண்ணி நோய்) ரெபிட் டெஸ்டுமாவது கட்டாயம்.

அளவு (நிறை × கிலோவுக்கு 90 மி.லீ. இரத்தம் × (இலக்கு பிசிவி − இப்போதைய பிசிவி) ÷ கொடுக்கும் நாயின் பிசிவி): 28 × 90 × (25 − 13) ÷ 45 = 672 மி.லீ. லாப்ரடோரிடம் ஒரு பைதான், 450 மி.லீ. பிசிவி 21 அளவுக்கு ஏறும், இப்போதைக்குக் காணும். எடுக்கும்போது பையைத் தராசில் வையுங்கள். நிறை 475 கிராம் கூடியதும் நிறுத்த வேண்டும். பையில் இரத்தம் நன்றாகக் குறைந்தால், உறையாமல் இருக்கப் பையிலுள்ள சிட்ரேட் மிஞ்சி, இரத்தம் பெறும் நாயின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்: நடுக்கம், வாந்தி.

பதில் 3:
ஃபில்டர் உள்ள ப்ளட் செட் மட்டும். ஹார்ட்மன் திரவம் ஓடிய லைனில் ஏற்ற வேண்டாம், அதிலுள்ள கல்சியத்தால் இரத்தம் உறையும். மி.லீ.க்கு 20 துளி விழும் செட்டென்றால் முதல் அரை மணித்தியாலம் நிமிடத்துக்கு 9 துளி, பிறகு 50. 4 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். காய்ச்சல் 1 பாகை ஏறினாலோ, முகம் வீங்கினாலோ, சிறுநீர் சிவந்தாலோ உடனே நிறுத்துங்கள். பேபேசியாவில் பிளாஸ்மா முன்பே சிவந்திருக்கலாம்; ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்றுமுன் ஒரு குழாய் இரத்தம் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடுத்த கிழமை திரும்பத் தேவைப்பட்டால் அதே லாப்ரடோர் சரியா?

பதில் 1:
4 நாள் கடந்துவிட்டால், அதே நாயானாலும் குரொஸ்மெச் (இரண்டு இரத்தமும் ஒத்துப்போகுமா என்ற டெஸ்ட்) செய்யாமல் ஏற்றக்கூடாது. உங்கள் நாயின் அன்றைய பிளாஸ்மாவும் லாப்ரடோரின் கழுவிய செங்குழியமும் வேண்டும். பழைய மாதிரி இதற்கு உதவாது.