புதுப்பிப்பு: மகளின் சாஃப்ட்பால் குழுவுக்குப் பணம் சேர்த்த கதை

பினாங்கு இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆடும் என் மகளின் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற பந்தாட்டம்) குழுவுக்குக் கையுறையும் ஹெல்மெட்டும் வாங்கப் பணம் திரட்ட வழி கேட்டு ஆகஸ்டில் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி.

காடி (கார்) கழுவும் திட்டம் மழையோடு போனது. மொத்தம் நான்கு காடி, அதில் இரண்டு ஆசிரியர்களுடையது. கைகொடுத்தது முறுக்குதான். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிட்டோம். அதனால் மாவு, எண்ணெய்க்கு யாரும் கைக்காசு போடவில்லை. டப்பா 15 வெள்ளி (ரிங்கிட்). பிழிந்தது நானும் பக்கத்து வீட்டு அத்தையும். பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கரில் பாதி கோணல், வாங்கியவர்கள் கண்டுகொள்ளவில்லை.

பள்ளிப் பெயரில் விற்பதென்றால் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் தாமதமாகக் கேட்டதில் ஒரு வாரம் வீண்.

எட்டுக் கையுறை வந்துவிட்டது. ஒன்பதாவது இடக்கைப் பிள்ளைக்கு. இடக்கையால் பந்து எறிவதால் அவள் கையுறையை வலது கையில் மாட்ட வேண்டும். கடையில் இல்லை, சொல்லிவைத்திருக்கிறோம். இத்தனை நாளும் மற்றவர்களுடையதையே தப்புக் கையில் திணித்துக்கொண்டு ஆடினாள், பாவம். ஹெல்மெட்டுக்கு இனிமேல்தான் பார்க்க வேண்டும்.