வீட்டுக்கடனும் மூன்று கடன் அட்டைகளும்: எதை முதலில் அடைப்பது?

துடியலூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. கோவையில் ஒரு பம்ப் உற்பத்தி நிறுவனத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. பிடித்தங்கள் போக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 86,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

2021-இல் 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கித் துடியலூர் அருகே வீடு கட்டினோம். அப்போது வட்டி 6.9 விழுக்காடு, தவணை 30,800 ரூபாய். இரண்டே ஆண்டுகளில் வட்டி 9.4 ஆக உயர்ந்ததும் வங்கி தவணையை 35,000 ஆக்கிக் காலத்தையும் நீட்டியது. இப்போது வட்டி 8.15 என்று இணையக் கணக்கு காட்டுகிறது, ஆனால் தவணை குறையவில்லை. நிலுவை 36 லட்சம், இன்னும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கட்ட வேண்டும்.

வீட்டுக்கடனைச் சமாளித்திருப்பேன். அப்பாவின் இருதய அறுவைச் சிகிச்சைக்கும், அதன் பிறகான மருந்துச் செலவுக்கும், புதுமனை புகுவிழாவில் மிச்சமிருந்த பாக்கிக்கும் கடன் அட்டைகளைத் தேய்த்ததில்தான் நிலைமை கைமீறியது. மூன்று அட்டைகளில் முறையே 2.9 லட்சம், 2.1 லட்சம், 1.4 லட்சம், ஆக மொத்தம் 6.4 லட்சம் நிற்கிறது. மாதம் 3.5 விழுக்காடு வட்டி. குறைந்தபட்சத் தொகையாக மாதம் 32,000 ரூபாய் தவறாமல் கட்டியும் ஓராண்டாக நிலுவை குறையவே இல்லை, கூடித்தான் இருக்கிறது.

வீட்டுக்கடன் தந்த வங்கியின் முகவர், வீட்டின் மேலேயே 7 லட்சம் டாப்-அப் கடன் எடுத்து அட்டைகளை முடித்துவிடலாம் என்கிறார். மைத்துனர், கட்டுவதை நிறுத்திவிட்டால் அவர்களே பாதித் தொகைக்குச் சமரசம் பேச வருவார்கள் என்கிறார். மாமனாரோ வீட்டை விற்றுவிட்டு நிம்மதியாக வாடகைக்குப் போகச் சொல்கிறார். தாலிக்கொடி நீங்கலாக வீட்டில் ஐந்து பவுன் இருக்கிறது. பழைய நகை என்பதால் கழிவு போக நான்கு லட்சம் தேறும் என்று கடையில் சொன்னார்கள். எந்த வழியில் போவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் பதில்:

தம்பி, முதலில் உங்கள் கணக்கை உங்களுக்கே ஒரு முறை படித்துக் காட்டுகிறேன். 6.4 லட்சத்துக்கு 3.5 விழுக்காடு என்றால் மாத வட்டி 22,400 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 26,400-ஐத் தாண்டும். நீங்கள் கட்டும் 32,000-இல் அசலில் கழிவது ஐயாயிரத்துச் சொச்சம் மட்டுமே. வீட்டுத் தவணையும் இந்தத் தொகையும் போனால் உங்கள் கையில் மிஞ்சுவது 19,000 ரூபாய். அதில் மூன்று பேர் அடங்கிய குடும்பம், பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருந்து எல்லாம் நடக்காது. ஆகவே மாதக் கடைசியில் மளிகையும் பெட்ரோலும் மறுபடி அட்டையில்தான் ஏறியிருக்கும் என்று கருதுகிறேன். பழைய நிலுவையைச் சுமந்துகொண்டிருக்கும் அட்டைக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்று தேய்க்கும் 500 ரூபாய்க்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். எனவே எந்த வழியில் போனாலும் மூன்று அட்டைகளின் பயன்பாடும் இன்றோடு நிற்க வேண்டும்.

அடுத்து, நான் சொல்வது உங்களுக்கு முரணாகத் தோன்றலாம்: வீட்டுக்கடனை வேகமாக அடைக்க வேண்டாம், மெதுவாக்குங்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத்தில் 4 விழுக்காட்டிலிருந்து ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-ஐ எட்டியதால்தான் உங்கள் தவணை உயர்ந்தது. 2025-இல் அது இறங்கியபோது வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் குறைத்திருக்கிறது. மாறும் வட்டிக் கடன்களில் வட்டி மறுநிர்ணயம் செய்யும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா, இரண்டையும் சேர்த்து மாற்றுவதா என்ற தேர்வைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் வயதுக்கு 20 ஆண்டு கேட்பது நியாயமானது. 36 லட்சம், 8.15 விழுக்காடு, 20 ஆண்டு என்று போட்டால் தவணை சுமார் 30,500 ஆகும். மாதம் 4,500 மிச்சம். மொத்த வட்டி கூடும் என்பது உண்மைதான். ஆனால் 8 விழுக்காட்டுக் கடனை அவசரமாக அடைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 42 விழுக்காட்டுக் கடனை வளர விடுவது எந்தக் கணக்கிலும் சேராது. அட்டைகள் தீர்ந்த பிறகு தவணையை மீண்டும் உயர்த்துங்கள். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

நகை விஷயத்தில் என் கருத்து, அடகு வைக்காமல் விற்றுவிடுங்கள் என்பதே. அடகு வைத்தால் வட்டி குறைவுதான், ஆனால் இன்னொரு கடன் பிறக்கிறது, அதையும் மீட்கும் வலு உங்களுக்கு இப்போது இல்லை. நான்கு லட்சத்தில் 1.4 லட்ச அட்டையும் 2.1 லட்ச அட்டையும் முழுதாக முடிந்து, பெரிய அட்டையில் 50,000 கழியும். வட்டி மூன்றுக்கும் ஒன்றே என்பதால் சிறியவற்றை முதலில் முடித்து, அவற்றின் குறைந்தபட்சத் தொகையை விடுவிப்பதே நல்லது. மீதி 2.4 லட்சத்தை 24 மாதத் தவணையாக மாற்றித் தரும்படி அட்டை நிறுவனத்திடம் கேளுங்கள். 16 விழுக்காடு அளவில் தந்தால் மாதம் 12,000 ரூபாய் வரும். இப்போது 67,000 போகும் இடத்தில் 42,500 போகும். வீட்டுச் செலவுக்கு 43,500 நிற்கும்.

டாப்-அப் கடனை நான் முற்றாக மறுக்கவில்லை. வட்டிக் கணக்கில் அது இலாபம்தான். ஆனால் அட்டைக் கடனுக்கு இன்று உங்கள் வீடு ஈடு இல்லை, டாப்-அப் எடுத்த அன்றே ஈடாகிவிடும். மேலும், அட்டைகளை டாப்-அப்பில் முடித்தவர்களில் பலர் இரண்டு ஆண்டுக்குள் டாப்-அப்பும் புதிய அட்டை நிலுவையுமாக என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞரின் பதில்:

மேலாளர் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் மைத்துனர் சொன்ன வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்டுவதை நிறுத்தினால் சமரசம் பேச வருவார்கள் என்பது பல நேரங்களில் உண்மை. ஆனால் அதற்கு முன் சில மாதங்கள் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், வசூல் முகவர்களின் தொல்லை இருக்கும், கடைசியில் குறைந்த தொகைக்கு முடித்தாலும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அக்கணக்கு முழுதாக அடைபட்டதாக இல்லாமல் 'செட்டில்டு' என்றே பல ஆண்டுகள் நிற்கும். உங்களுக்கு வேலை இருக்கிறது, நகை இருக்கிறது, தவணை தவறாத வரலாறு இருக்கிறது. இவை எதுவும் இல்லாதவர்களுக்கான கடைசி வழியை நீங்கள் முதலில் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கடனையும் சேர்த்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் ஒருபோதும் நினைக்காதீர்கள். 90 நாட்கள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கலாம். எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாட்கள்தான் உண்டு. அட்டைக் கடனில் அப்படியில்லை. அவர்கள் வழக்குப் போட்டு, தீர்ப்புப் பெற்று, அதன் பிறகே உங்கள் சொத்தின் மேல் வர முடியும்.

சிறைக்குப் போக நேருமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. ஆனால் கொடுத்த காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆணை பணமின்றித் திரும்பினால் 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் குற்ற வழக்குக்கு இடம் தரும். ஆகவே பின்தேதியிட்ட காசோலை எதையும் எந்த முகவரிடமும் எழுதிக் கொடுக்காதீர்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, உறவினரிடமும் நண்பர்களிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்; 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஊரில் யாராவது மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடச் சொல்லி யோசனை சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். நொடிப்பு மனு வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கியின் உரிமையைத் தடுக்காது. அட்டைக்குப் பயந்து எடுக்கும் அந்த முடிவில் வீடும் போகும்.

சேலத்திலிருந்து ஒரு சகோதரியின் பதில்:

சகோதரரே, இதே போன்ற நிலையிலிருந்து மூன்று ஆண்டுகளில் வெளியே வந்த குடும்பம் எங்களுடையது. இரண்டு விஷயங்கள் உங்கள் கேள்வியில் இல்லை. நகையைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அந்த நகைக்கு உரியவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை. 6.4 லட்சம் என்ற முழுத்தொகை உங்கள் மனைவிக்குத் தெரியுமா? எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் ஓடின. கடனைவிட அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

இன்னொன்று, உங்கள் வீட்டில் ஏதாவது சீட்டு ஓடுகிறதா? நம் பக்கத்தில் கடன் கணக்கு எழுதும்போது சீட்டைச் சேமிப்பு என்று தள்ளி வைத்துவிடுவோம். 42 விழுக்காட்டில் கடன் வைத்துக்கொண்டு கட்டும் சீட்டு சேமிப்பு ஆகாது.

மாமனார் சொல்வதையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். மேலாளர் ஐயாவின் கணக்குப்படி ஆறு மாதம் நடந்து பார்த்தும் கை கடித்தால், தவணை ஒன்றுகூடத் தவறாத நிலையிலேயே வீட்டை விற்பதுதான் நல்ல விலைக்கு வழி. வங்கி ஏல அறிவிப்பு ஒட்டிய வீட்டுக்கு யாரும் முழு விலை தர மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சகோதரி கேட்டதற்குப் பிறகு இரண்டு நாட்கள் இங்கே எழுத எனக்குத் துணிவு வரவில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது ஒரு அட்டை மட்டுமே. சனிக்கிழமை இரவு மூன்று அட்டைகளின் அறிக்கைகளையும் அச்செடுத்து அவர் முன் வைத்தேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, செல்பேசிக்கு வரும் அழைப்புகளை நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவதைப் பார்த்து வேறு எதையோ நினைத்துப் பயந்ததாகச் சொன்னார்.

சீட்டும் இருக்கிறது. மாதம் 5,000 வீதம் 20 மாதத்துக்கு ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 13 மாதம் கட்டியாகிவிட்டது. அடுத்த ஏலத்தில் எடுத்துவிடுவது என்று மனைவி முடிவு செய்திருக்கிறார். தள்ளுபடி போக 90,000-ஆவது வரும். நகையில் நான்கு பவுனை விற்கவும், மகள் பிறந்தபோது அவருடைய அம்மா போட்ட ஒரு பவுன் சங்கிலியை மட்டும் வைத்துக்கொள்ளவும் அவரே சொன்னார். காலத்தை 20 ஆண்டாக்கித் தவணையைக் குறைக்கக் கேட்டு வங்கியில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். முகவரிடம் டாப்-அப் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம்: அவசரத்துக்கென்று ஒரு அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்:

வேண்டாம் தம்பி. சீட்டுப் பணம் வந்தால் நகையில் குறைந்த தொகையும் ஈடுகட்டப்பட்டுவிடும். பெரிய அட்டையில் தவணையாக்க வேண்டிய தொகை நான் சொன்ன அளவுக்கு மேல் போகாது. சிறிய இரண்டு அட்டைகளிலும் நிலுவையை முழுதாகக் கட்டிய அன்றே கணக்கை மூடக் கோரி எழுத்தில் கொடுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி; மூடாமல் வேறு சலுகை காட்டிப் பேச்சை இழுப்பார்கள், விதியை நினைவூட்டுங்கள். பெரிய அட்டை தவணை முடியும் வரை கணக்கில் இருக்கும், அதன் இணையப் பரிவர்த்தனையை இப்போதே செயலியில் நிறுத்தி வையுங்கள். அவசரத்துக்கு என்றால், சீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 5,000-ஐ, மீதிச் சீட்டு கட்டி முடிந்த மறுமாதமே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். மூடியதாக எழுத்தில் உறுதி வந்த பிறகு அட்டைகளை வெட்டிப் போடலாம். அதற்கு முன் வேண்டாம், எண்ணைக் கேட்பார்கள்.