பரஸ்பர சம்மத விவாகரத்தில் குழந்தைகளின் கஸ்டடி: விளக்கம் தேவை

மதுரைவாசி:
வணக்கம். நானும் என் மனைவியும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிய முடிவு செய்துள்ளோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை தாய்க்குத்தான் என்று சட்டமே சொல்வதால், மகனைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை என்கிறார்கள் மனைவி வீட்டார். அப்படியானால் அவன் மீது எனக்கு உரிமையே இல்லையா? மகள் என்னிடமும் மகன் அவரிடமும் வளர நீதிமன்றம் ஒப்புக்கொள்ளுமா?

கருப்பு அங்கி:
நீங்கள் இந்துக்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிறையாதவர்), காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை 'சாதாரணமாக' தாயிடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. விதிவிலக்குக்கு அந்தச் சொல்லே இடம் வைத்திருக்கிறது, 13-ஆம் பிரிவோ குழந்தையின் நலனையே முதன்மையாக வைக்கிறது. ஆனாலும் 4 வயதுப் பையனுக்காக நீங்கள் போராடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கஸ்டடி (பிள்ளை யாரிடம் வளர்வது) வேறு, காப்பாளர் நிலை (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்டப் பொறுப்பு) வேறு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்: அவன் தாயிடம் வளர்வதாலேயே நீங்கள் காப்பாளர் அல்லாதவராகிவிட மாட்டீர்கள். உடன்பிறந்தவர்களைப் பிரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும்.

இரு பிள்ளைகளின் தாய்:
எங்கள் ஒப்பந்தத்தில் 'வாரம் ஒருமுறை தந்தை சந்திக்கலாம்' என்று ஒற்றை வரி எழுதியதால் பட்ட பாடு கொஞ்சமல்ல. எந்தக் கிழமை, யார் கொண்டுவந்து விடுவது, எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்புவது என எல்லாவற்றுக்கும் சண்டை. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் என் மகன் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறான். பிறகு மனுப் போட்டு, இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலை 10 முதல் மாலை 6 வரை, கோடை விடுமுறையில் பாதி, தீபாவளி ஆண்டு மாற்றி ஆண்டு என்று எழுதி வாங்கினோம். பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

மதுரைவாசி:
மிக்க நன்றி. பின்னாளில் நிலைமை மாறினால் இதைத் திருத்த முடியுமா? மகளிடம் நீதிபதி கேட்பாரா?

கருப்பு அங்கி:
முடியும். கஸ்டடி உத்தரவுகள் மாற்றக்கூடியவையே என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே சொல்லிவிட்டது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டம் (Guardians and Wards Act). நீதிபதி தம் அறையில் தனியாகவே பேசக்கூடும். அதற்கென்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். ஒப்பித்த பதிலைக் கண்டுபிடிக்க நீதிபதிக்கு இரண்டு நிமிடம் போதும்.