ஒரே மாமரம், 12 மாதம்: விசிறி மடிப்புப் புத்தகத்துக்கு ரோல் காகிதம் சரிவருமா?

மாவடு:
வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பெங்களூரா மாமரம். தையில் பூ, பங்குனியில் வடு, வைகாசியில் காய், பிறகு கொழுந்து என்று மாதம் ஒரு பக்கம் சயனோடைப் (ரசாயனம் பூசிய தாளை வெயிலில் காட்டி எடுக்கும் நீல அச்சு) அச்செடுத்து, 12 பக்க விசிறி மடிப்புப் புத்தகமாக்க எண்ணம். ரோல் காகிதம் முழுக்க ரசாயனம் பூசி வைத்துவிட்டு, மாதம் ஒரு பக்கமாக வெயிலில் காட்டலாமா? ஒரு பக்கத்தை மஞ்சள் சாற்றில் எடுக்கவும் ஆசை. அந்த நிறம் நிற்குமா?

நீலஅச்சு:
ரோல் வேண்டாங்க. பூசிய காகிதம் மாதக்கணக்கில் தாங்காது, இருட்டிலேயே நீலம் பாய்ந்துவிடும். அன்றன்றைக்குப் பூசுங்கள். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 12.5 கிராம் 50 மி.லி. தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 5 கிராம் இன்னொரு 50 மி.லி.யில், தனித்தனி பழுப்பு பாட்டிலில். ஏ4 தாளுக்கு ஒவ்வொன்றிலும் 2 மி.லி. கலந்தால் தாராளம். சிட்ரேட் கரைசலில் பூஞ்சை படரும், வடிகட்டிக்கொள்ளுங்கள்.

நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். சித்திரை வெயில் வேறு, ஐப்பசி மேகம் வேறு. பூச்சு சாம்பல் கலந்த பித்தளை நிறத்துக்கு வரும்போது எடுங்கள்.

கழுவும் தண்ணீர்தான் நம்ம பக்கம் பெரிய சிக்கல். போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும், காரம் நீலத்தைத் தின்றுவிடும். மழைநீர் நல்லது. இல்லையென்றால் முதல் கழுவலில் லிட்டருக்கு ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போடுங்கள்.

காயைத் தாளில் அழுத்த முடியாது. கிளையிலேயே தொங்கவிட்டு, நிழல் விழும் இடத்தில் தாளை வையுங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால் விளிம்பு இழுபடும். அதைத் திருத்தாதீர்கள், இந்தப் புத்தகத்துக்கு வேண்டியதே அதுதான்.

மடிப்புவேலை:
ரோலில் இன்னொரு கோளாறு: கிரெயின் (காகித இழைகள் ஓடும் திசை) நீளவாக்கில் ஓடும், அதனால் ஒவ்வொரு மடிப்பும் குறுக்கே விழுந்து வெடிக்கும். கிரெயின் உயரவாக்கில் ஓடும் ஏ4 தாள் 12 வாங்குங்கள், 200 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம், சுண்ணாம்பு சேர்க்காதது. லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ, மடிப்புக்கோடு அப்படி அமைய வேண்டும்.

21 செ.மீ. அகலத்தில் 2 செ.மீ. ஒட்டுப்பட்டைக்கு, மீதி 19 செ.மீ. பக்கத்துக்கு. கடைசித் தாளில் மட்டும் பட்டையை வெட்டிவிடுங்கள். நனைந்தால் தாள் விரியும், அதனால் கழுவிக் காயவைத்து, எடை வைத்து அழுத்திய பிறகே அளந்து மடியுங்கள். பட்டையை அடுத்த தாளின் பின்புறம், மடிப்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஒட்டுங்கள். நெருக்கி ஒட்டினால் புத்தகம் முழுசாக மூடாது. 11 ஒட்டும் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 5 என்று பிரிவதால் ஒருபுறம் மட்டும் உப்பாது.

மாவடு:
ரொம்ப நன்றிங்க. மஞ்சள் பக்கம்?

நீலஅச்சு:
நிற்காதுங்க, நிலைநிறுத்த வழியும் இல்லை. வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுத்துக்கொண்டேதான் போகும். போராக்ஸ் தடவினால் செம்பழுப்பாகும், ஆனால் அது காரம். மடிக்கும்போது எதிரில் வரும் நீலப் பக்கம் கெடும், அதனால் தடவாமல் விடுங்கள். நீலம் வெளிச்சத்தில் மங்கினாலும் இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும், மஞ்சள் மீளாது. என்னைக் கேட்டால் பூ உதிரும் மாதத்தை மஞ்சளுக்குக் கொடுக்கலாம்.