பெரிய வீட்டு குரூப்: கனியோட காலேஜ் நோட்ஸ்

கீதா சித்தி: கனிக்கு பி.ஏ. தமிழ் நோட்ஸ் ரெண்டு பிடிஎஃப் வந்திருக்கு. கண் தெரியாத கனிக்குத் திரையில இருக்கிறத வாசிச்சுக் காட்டுற என்விடிஏ சாஃப்ட்வேர் ஒண்ண இங்கிலீஷ்ல உளறுது, இன்னொண்ணுக்கு வாயே திறக்கல.

ரவி மாமா: முதல்ல உளறுறதுல இருந்து ஒரு வரிய காப்பி பண்ணி இங்க ஒட்டு.

கீதா சித்தி: ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தாத்தான் வருது மாமா.

ரவி மாமா: அப்போ பாமினி, பழைய தமிழ் ஃபான்ட். அதுல ‘தமிழ்’னு கண்ணுக்குத் தெரியுறது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. என்விடிஏ உள்ளே இருக்கிறதத்தான் படிக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம், பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது உள்ளேயும் தமிழ் எழுத்தாவே இருக்கிற முறைக்கு, மாத்திடு. நடுவுல நிஜமான இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதுவும் தமிழாகிக் குழம்பிடும், அதை மட்டும் விட்டுடு.

கீதா சித்தி: பேசாத ஃபைலுக்கு?

ரவி மாமா: அது ஸ்கேன் பண்ண படம். கூகுள் டிரைவ்ல ஏத்தி, ரைட் கிளிக் பண்ணி, கூகுள் டாக்ஸ்ல திற, படத்துல இருக்கிறத எழுத்தா மாத்திடும். 2 எம்பிக்கு மேல இருந்தா பிரிச்சு ஏத்து. பக்கம் சாஞ்சிருக்கக் கூடாது. சில இடத்துல துணைக்கால் ‘ர’ ஆகிடும், ‘காலம்’ ‘கரலம்’னு வரும். செய்யுளை மட்டுமாவது யாராவது மூலத்தோட ஒப்பிட்டுப் பார்த்துடணும்.

மல்லிகா அத்தை: இந்த வேலைய மூணு வருஷமும் வீட்டுலயே பண்ண முடியாது கீதா. துறைத்தலைவருக்கு லெட்டர் குடு, ‘யூனிகோட் வேர்டு ஃபைலாகத் தரவும்’னு அப்படியே எழுது. பொதுவா ‘உதவி வேண்டும்’னு எழுதினா பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுவாங்க, கனிக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16னு குறிப்பிடு. யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதோட நகலும் வை.

கீதா சித்தி: கனி சொல்லச் சொல்ல பரீட்சை எழுதிக் குடுக்கிற ஆளையும் அதுலயே கேக்கலாமா அத்தை?

மல்லிகா அத்தை: வேணாம், அது தேர்வுப் பிரிவுக்குத் தனி லெட்டர். மத்திய அரசோட வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல். 3 மணி நேரப் பரீட்சைக்கு 60 நிமிஷம். தனி ரூம் கேளு, ஒரே ரூம்ல ரெண்டு பேர் சொல்லி எழுதினா குரல் மோதும். காலேஜ் ஆள் குடுத்தா ரெண்டு நாள் முன்னாடியே கனி அவங்கள சந்திக்கலாம். அன்னைக்கு ஒரு செய்யுள் சொல்லி எழுத வைக்கணும். வாசிச்சுக் காட்டினா ல, ள, ழ தப்பு காதுல விழாது, நீ பக்கத்துல இருந்து தாளைப் பாரு.

கீதா சித்தி: ஆள் சரியில்லன்னா?

மல்லிகா அத்தை: அன்னைக்கே எழுத்துல மாத்திக் கேளு. தமிழுக்கு ஒருத்தர், இங்கிலீஷுக்கு வேறொருத்தர் வச்சுக்கலாம். ரெண்டு லெட்டருக்கும் நகல்ல தேதியோட சீல் வாங்கி வை.