மிச்சிகனில் வக்கீல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவின் வீட்டை, சொத்து வரி பாக்கிக்காகக் கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) மார்ச் 31 அன்று எடுத்துக்கொண்டது. கடன் முழுதும் அடைத்த வீடு. பிஸ்கட் டப்பா நிறையப் பிரிக்காத கடிதங்கள். நேற்றுதான் உட்கார்ந்து படித்தேன், மனசே ஆறவில்லை.

வீட்டை விற்றுப் பாக்கி போக மிஞ்சுவதை அரசு வைத்துக்கொள்ள முடியாது என்று 2023-இல் டைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆனால் இங்கே அந்த மிச்சப் பணத்தைக் கோரும் 5743 படிவத்தை நோட்டரி முத்திரையோடு ஜூலை 1-க்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்தப் பணம் போச்சு.

யாராவது இந்தப் படிவம் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறீர்களா? நியாயமான கட்டணம் கேட்கும் வக்கீல் தெரியுமா? மிச்சத்தில் பாதி கேட்டு ஒரு ஏஜென்ட் நடையாய் நடக்கிறார். அவர் நீட்டும் தாளில் அம்மா கையெழுத்துப் போடுவதற்குள் சொல்லுங்கள்.