வீ-ரே தெரிந்தவர்கள் உதவுங்களேன், ஹால் ரெண்டர் நிஜம்போல் வரவில்லை

ஸ்கெட்ச்அப்பில் (3டி வரையும் மென்பொருள்) வரைந்த ஒரு காரைக்குடி வீட்டின் ஹாலை வீ-ரேயில் ரெண்டர் செய்துகொண்டிருக்கிறேன், அதாவது 3டி மாடலை போட்டோ போன்ற படமாக்குகிறேன், இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது, டிசம்பர் காலை 10 மணி என்று வைத்திருப்பதால் நேர் வெயில் உள்ளே விழாது. எக்ஸ்போஷரை ஏற்றினால் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெளுத்துப்போகிறது, இறக்கினால் சீலிங் மூலை இருட்டு. டோம் லைட்டில் (சுற்றிலும் வானம்போல் ஒளி தருவது) எச்டிஆர்ஐ, அதாவது நிஜ வெளிச்ச அளவைப் பதிந்த வானப் படம், போட்டாயிற்று. ஜன்னலில் ரெக்டாங்கிள் லைட் (செவ்வக விளக்கு) வைத்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் டியூப்லைட் போட்ட மாதிரி தட்டையாகிவிடுகிறது.

அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்ப்பது, அதனால் வழவழப்பு உண்டு, ஆனால் பளிச்சென்று முகம் தெரியாது, கல்லுக்குக் கல் நிறமும் லேசாக மாறும். என் ரெண்டரில் ஷோரூம் டைல்ஸ் மாதிரி எல்லாம் ஒரே அச்சு. ரிஃப்ளெக்‌ஷன் குளாஸினஸை (பிரதிபலிப்பின் தெளிவு) 0.85க்கு இறக்கினேன், பரவாயில்லை, ஆனால் டீநாய்சர் (படத்தின் புள்ளிகளை நீக்குவது) போட்டதும் பூ வேலைப்பாட்டின் ஓரமெல்லாம் மழுங்கிவிடுகிறது. டீநாய்சரை எடுத்தால் ஒரே புள்ளி புள்ளி.

கல்லுக்குக் கல் நிறம் மாற மல்டிசப் டெக்ஸ்சர் (பல நிறங்களை மாற்றி மாற்றிப் போடுவது) போதுமா, இல்லை ஒவ்வொன்றையும் தனி காம்பொனென்டாக (ஸ்கெட்ச்அப்பில் தனிப் பொருளாக) வைக்க வேண்டுமா? ஜன்னலையும் மூலையையும் ஒரே படத்தில் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள், ஹைலைட் பர்னா (அதிக வெளிச்சப் பகுதியை அடக்கும் செட்டிங்), இல்லை பிறகு போட்டோஷாப்பா? செட்டிங்ஸ் படம் போட்டால் புண்ணியம். கிராஃபிக்ஸ் கார்டு 8 ஜிபிதான், புதுசு வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.